காத்தாயி எடுக்காத சட்டப் புத்தகம்

1

என்னிடம் கேட்டது கதையே இல்லை. நூலக வார மலருக்கு அரைப் பக்கம் கேட்டார்கள்: 'பெரியவர்களுக்கான புதுவரவுகள், கதையல்லாதவை.' தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. மலருக்கு விளம்பரம் தர ஆளில்லை, பக்கத்தை நிரப்ப நான் அகப்பட்டேன்.

தேவர்சோலைக்கு அப்பால் ஒரு கடைவீதி. (ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. கேட்காதீர்கள்.) அங்கே ஒரு கிளை நூலகம். வாசல் பலகையில் இருபத்தேழு புதுத் தலைப்புகள் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தன. உள்ளே புதுவரவு அலமாரி காலி.

"எல்லாம் வெளிய போயிருக்குதுங்க" என்றார் நூலகர் மருதாம்பாள்.

இலைக்கு விலையில்லாத ஊரில் ஜனங்கள் இப்படி விழுந்து விழுந்து வாசிக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோய், அரைப் பக்கம் எழுதி அனுப்பியும் விட்டேன். அது முழுப் பொய் என்று பின்னால் ஒரு வியாழக்கிழமை தெரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இனி வருவதில் பாதி மருதாம்பாள் சொன்னது, மீதி நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: 'மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிய அந்தக் காலையில் மருதாம்பாள்' – வேண்டாம். நீலகிரியை எழுதுகிற அத்தனை பேரும் முதல் வரியிலேயே இந்தப் பனியை இறக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது: 'நேர்மைக்குப் பேர்போன நூலகர்' – இதுவும் ஆகாது. ஏன் என்று இப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது: பார்சல் வந்தது.

போதும், இதுவே இருக்கட்டும்.

3

பார்சல் வந்தது. மருதாம்பாள் அன்னூர்க்காரர். ஒன்பது வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு நிரந்தரம் ஆகும், நாளைக்கு ஆகும் என்று காத்திருப்பவர். கயிற்றை அறுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தென்னையில் வண்டு ஒழிப்பது. போர்வெல்லுக்கு இடம் பார்ப்பது. இறால் வளர்ப்பது. பங்குச் சந்தை, இரண்டாம் பாகம் மட்டும். கோடை வெயிலில் சருமத்தைக் காப்பது.

"மூணு மாசம் மழையில துணி காயாத ஊருக்கு, வெயில்ல தோலக் காப்பாத்த புத்தகம் அனுப்பிச்சிருக்காங்க" என்று அறுந்த கயிற்றைப் பார்த்துச் சொன்னார். வேறு யாரிடம் சொல்வது? தேர்வு செய்பவர்கள் சமவெளியில் எங்கோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

இருபத்தேழில் ஒன்றே ஒன்று உருப்படி. தோட்டத் தொழிலாளர் சட்டம், கேள்வி பதிலாக, எளிய தமிழில். அதை எடுக்க வேண்டியவர்களோ வேலை தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் போயிற்று. ஒரு புத்தகமும் நகரவில்லை. அப்போது சுற்றறிக்கை வந்தது: புது நூல்கள் ஒரு மாதத்துக்குள் வாசகரிடம் போகாத கிளைகள் பகுதிநேரமாக்கப்படும். பகுதிநேரம் என்றால் மருதாம்பாளின் வேலை போயிற்று, ஒன்பது வருஷமும் போயிற்று.

அவர் ஒரு காரியம் செய்தார். வழங்கல் பதிவேட்டில் இருபத்தேழு உறுப்பினர்கள் இருபத்தேழு புத்தகம் எடுத்ததாக எழுதி, அவர்கள் கையெழுத்தையும் தானே போட்டார். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, நாளிதழ் மேஜைக்கு அடியில் துணித்திரைக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

(இங்கேதான் எனக்குத் தலை வெடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் உறுப்பினர் எண் ஒன்றிலிருந்து வரிசையாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் கதையை எழுதும்போது நானும் கெஞ்சிப் பார்த்தேன்: அம்மா, கள்ளக் கையெழுத்துப் போடும்போதாவது கொஞ்சம் சோம்பேறியாக இருங்கள். கேட்டால்தானே.)

ஆளுக்கேற்ற புத்தகம் கொடுத்துப் பழகிய கை, பொய்யிலும் பொருத்தம் பார்த்தது. தண்ணீருக்குச் சண்டை போடும் குமாரசாமிக்குப் போர்வெல். பேங்கில் இருந்து ஓய்வுபெற்ற லெஸ்லிக்குப் பங்குச் சந்தை. இறாலுக்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, கருவாட்டுக்கடை சகாயம் பேரில் எழுதினார். சட்டப் புத்தகத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காத்தாயி என்று எழுதினார்.

4

காத்தாயிக்கு ஐம்பது வயது. சிலோன் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ஐந்தாவது வரை படித்து, கப்பலேறி வந்து இங்கே கொழுந்து எடுத்தவர். அந்த எஸ்டேட் மூடி எட்டு மாதம். மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை குன்னூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் பதினொரு குடும்பத்துக்கும் அவர்தான் பேச வேண்டும்.

[இந்த இடத்தில் காத்தாயியின் கண்ணீர் பற்றி ஒரு நீளமான பத்தி இருந்தது. அவர் அழவே இல்லை. அடித்துவிட்டேன்.]

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. மருதாம்பாளின் நாற்காலியில் நூலக ஆய்வாளர் ஆறுக்குட்டி உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலி அலமாரியைப் பார்த்து அவருக்கு மகா சந்தோஷம். மருதாம்பாள் நாளிதழ் மேஜையை ஒட்டி, திரையை மறைத்து நின்றிருந்தார். காத்தாயி கார்டோடு உள்ளே வந்தார்.

"அம்மா, பலகையில சட்டப் பொத்தகம் ஒண்ணு போட்டிருக்கே, அதத் தாங்க. திங்கக்கெழம வெசாரண. வெறுங்கையோட போய்ப் பேச ஏலாது."

மருதாம்பாள் திரையை இன்னும் ஒட்டி நின்றார். ஆறுக்குட்டி கார்டை வாங்கிப் பார்த்து, பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

"அது உங்க பேர்லயே போயிருக்குதுங்களே. ரெண்டு வாரமாச்சு. கையெழுத்துக்கூட இருக்குதுங்க."

"நான் எடுக்கல்லங்கய்யா. எடுத்திருந்தா மூணு மைல் நடந்து இங்க ஏன் வாறேன்?"

"அப்ப எங்கியோ தொலைச்சுப்போட்டீங்க. நடக்கறதுதானுங்க. கார்டுல இருக்கற விலாசத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிச்சுடறேன்."

கார்டில் இருந்த விலாசம் எஸ்டேட் ஆபீஸ். அரசாங்கச் சொத்தைத் தொலைத்தவள் என்று ஒரு கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தால், திங்கட்கிழமை விசாரணையில் காத்தாயி வாயைத் திறப்பதற்குள் எஸ்டேட்காரர்கள் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பதினொரு குடும்பத்தின் கூரையும் அந்த ஒரு காகிதத்தில் ஆடும். இது மருதாம்பாளுக்கும் தெரியும். புத்தகம் அவர் கணுக்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

5

முடிவு அ. மருதாம்பாள் திரையை விலக்கிப் பெட்டியை இழுத்து, உண்மையைச் சொல்கிறார். எழுதி முடித்துப் பெருமையோடு படித்துக் காட்டினேன். தாளிலிருந்து மருதாம்பாள் முறைத்தார்.

"உங்களுக்கென்னங்க, ஒரு வரியில எழுதிப்போட்டீங்க. ஒம்பது வருசம் உக்கார்ந்தது நானுங்க."

முடிவு ஆ. இப்போது பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மைல் நடந்து போய்ப் புத்தகத்தை லயத்தில் கொடுக்கிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காத்தாயிதான் கெடுத்தார்.

"எங்க லயத்துக் காம்பராவுல அந்தப் பொத்தகம் இருந்தா, நான்தான் எடுத்தேன்னு ஆகிப்போகுமே. நான் சொன்னது பொய்யாப் போகுமே. யோசிக்க மாட்டீங்களா?"

யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

முடிவு இ. 'ஆறுக்குட்டி தற்செயலாகத் திரையை விலக்கினார். எல்லாம் புரிந்தும், ஒன்றும் பாராதவர்போல' – இல்லை. இப்படி ஓர் ஆய்வாளரை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரிந்தால் விலாசம் கொடுங்கள்.

6

மறைத்தது போதும். அந்த வியாழக்கிழமை, வாசகர் பெஞ்சில் நாளிதழோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான்தான். அங்கிருந்து பார்த்தால் திரை ஓரத்தில் பெட்டியும், மேலாக இருந்த சட்டப் புத்தகத்தின் அட்டையும் தெரியும். அது தெரிகிற இடம் அந்த அறையில் அந்தப் பெஞ்சு ஒன்றுதான்.

ஆறுக்குட்டி ஒரு தாளில் நாலு வரி எழுதினார்: மேற்படி நூல் நூலகத்தில் இல்லை, உறுப்பினர் காத்தாயியிடம் உள்ளது. கீழே சாட்சிக்கு ஒரு கோடு போட்டார். பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

நான் என்ன செய்தேன் என்பதை ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழு தடவையும் நல்லவனாகவே வருகிறேன். என்னை எனக்கே நம்ப முடியவில்லை, சலித்துப்போயிற்று. அதனால் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். நாளிதழை மடித்து வைத்துவிடுங்கள். ஆமாம், பெட்டி தெரிகிறதல்லவா.

மருதாம்பாள் உங்களைப் பார்க்கிறார். பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்க்கிறார்.

"ஏனுங்க, வாசகர் சாட்சி ஒண்ணு வேணுமுங்க. படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஆறுக்குட்டி தாளை உங்கள் மடியில் வைத்துப் பேனாவை நீட்டுகிறார்.

பக்கத்தில் நிற்கும் காத்தாயி அந்த நாலு வரியையும் தலைகீழாகவே வாசித்துவிட்டார்.

"நான் பொறகு வாறேன்னு போக ஏலாது. நீங்க என்ன எழுதுறீங்களோ எழுதுங்க, நிக்கிறேன்" என்கிறார் உங்களிடம்.