இரண்டு நொடி ஞாபகமுள்ள கத்தி

இல்லை இல்லை, பிளேடில் ஒரு குறையும் கிடையாது. பிளேடைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் அதை இப்போதே ஓரமாக வைத்துவிடுகிறேன். பல் வைத்த இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் வரும். அழுத்தவே வேண்டாம், இறைச்சி மேல் வைத்தால் அதுவே இறங்கிவிடும். மின்கத்தி என்றாலே எல்லாருக்கும் கண் அங்கேதான் போகிறது. பிரச்சினை இருந்ததோ கைப்பிடியில். இன்னும் சரியாகச் சொன்னால், என் அக்காவின் ஆள்காட்டி விரலில்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலில், மதியச் சாப்பாட்டுக் கூடத்தில், இறைச்சி வெட்டிப் பரிமாறும் கவுண்டரில் நிற்கிறாள். ஒரு மதியத்துக்கு முந்நூறு தட்டு, தட்டுக்கு இரண்டு துண்டு. ஆள்காட்டி விரலால் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கத்தி ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படி. முன்பெல்லாம் அங்கே எல்லாரும் ஸ்விட்சைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார்கள், கத்தி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் ஓடுகிற கத்தியைக் கைதவறிக் கீழே விட்டார். காலில் ஆறு தையல். அன்றிலிருந்து மேனேஜர் தினமும் ஒவ்வொரு கத்தியையும் தூக்கிப் பார்க்கிறார். ரப்பர் பேண்ட் போனது. அக்காவின் விரலும் போனது. காலையில் எழுந்தால் அந்த விரல் கொக்கி மாதிரி மடங்கி நிற்கும். இடது கையால் பிடித்து நிமிர்த்துவாள். டக்கென்று ஒரு சத்தம். அடுத்த அறையில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

“என்ன விஞ்ஞானி, கேட்டுச்சா? இன்னிக்கும் ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் மேனேஜர் சொல்லியிருக்கிறார், மாதக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றிவிடுவதாக. ஆறு வருடம் அங்கே கழுவிவிட்டுத்தான் அவள் இந்தக் கவுண்டருக்கே வந்தாள்.

நான் வேலை செய்வது சமையலறை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில், வடிவமைப்புப் பிரிவில். கத்திக்கு நாங்கள் இரண்டே பேர். நான், அப்புறம் மில்லிமீட்டர் மேடம். தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூட ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. கழுத்து வலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு, வெந்நீர் குடித்துக்கொண்டு, இருபது வருடமாகக் கைப்பிடி வரைகிறார். புதுக் கைப்பிடிக்கு அவர் கையெழுத்துப் போட்டால் பத்து மாதிரிக் கத்திகள் அடுத்த வாரமே சோதனைக்குப் போகும். போகிற இடம் அக்காவின் ஹோட்டல். அதை ஏற்பாடு செய்ய நான் எத்தனை பேர் காலைச் சுற்றினேன் என்பது தனிக்கதை.

முதலில் ஒற்றை விரலுக்குப் பதிலாக முழு உள்ளங்கையாலும் அழுத்துகிற பட்டை வைத்தேன். கை நோகக்கூடாது என்று ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்தேன். மேடம் மேசையிலிருந்து சும்மா எடுத்தார், கத்தி ஓடியது, அவருடைய கோப்பு இரண்டானது.

“நல்லா வெட்டுதும்மா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரி, கட்டைவிரல் அருகே ஒரு பொத்தான். அதை ஒரு தட்டுத் தட்டினால்தான் பட்டைக்கு உயிர் வரும். வீட்டில் அக்காவிடம் காட்டினேன். அவள் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஒவ்வொரு துண்டும் விழுந்ததும் நான் பிடியைத் தளர்த்தி அதை ஓரமா தள்ளுவேன்டி. அப்ப கத்தி நின்னுடும். மறுபடி பொத்தான். அறுநூறு துண்டுக்கு அறுநூறு தடவை. ஆள்காட்டி விரலைக் காப்பாத்திட்டு கட்டைவிரலைப் பலி கேக்குறியா?”

அங்கிருந்துதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கத்திக்கு இரண்டு நொடி ஞாபகம்! கையைத் தளர்த்தினால் பிளேடு உடனே நிற்கும். ஆனால் இரண்டு நொடிக்குள் திரும்பப் பிடித்தால் பொத்தான் இல்லாமலே ஓடும். அதற்குமேல் ஆனால் மறந்துவிடும், மறுபடி பொத்தானைத் தட்ட வேண்டும். மூன்று வாரம் சோதித்தோம். எங்கள் அறையில் எதை வெட்டினாலும் மெத்தை ஃபோமைத்தான் வெட்டுவோம். இறைச்சி கெட்டுப்போகும், நாறும். ஃபோம் அப்படி இல்லை. தலைமுடி, காபி, கீபோர்டு எல்லாவற்றிலும் மஞ்சள் துகள். நாலாயிரம் வெட்டு, ஒரு தப்பு இல்லை. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது, ஆனாலும் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை அக்காவுக்கு வார விடுமுறை. வந்து நிஜ இறைச்சியில் ஒருமுறை வெட்டிப் பார்த்தால் மேடம் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். சுட்ட தொடைக்கறி ஒன்று வாங்கி வைத்தேன். மேடம் கீழே ஒரு கூட்டத்தில் இருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

அக்கா வெட்ட ஆரம்பித்தாள். நான் போனில் வீடியோ எடுத்தேன். துண்டு, தளர்வு, தள்ளல், பிடி. துண்டு, தளர்வு, தள்ளல், பிடி. அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மூன்று மாதமாகக் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்ற தோள்!

“ஏய், இது வேலை செய்யுதுடி,” என்றாள் மெதுவாக.

பத்தாவது துண்டுக்குப் பிறகு தோளிலிருந்த துணியை இடது கையால் உருவினாள். பிளேடில் கறியின் கொழுப்பு வழிந்தது. கத்தியைத் தூக்கி, துணியால் பிளேடைப் பற்றி, அழுத்தித் துடைக்க வலது கையை இறுக்கினாள்.

கத்தி ஓடியது.

சத்தம் ஒரு கணம்தான். சட்டென்று பிடியை விட்டாள். துணி நடுவில் கிழிந்து தொங்கியது. நான் அவள் விரல்களை எண்ணினேன். உண்மையாகவே எண்ணினேன், ஒன்று, இரண்டு என்று. ஐந்தும் இருந்தன. ரத்தம் இல்லை. துணி மடிப்பாக இருந்ததால் தப்பித்தாள். கை தளர்ந்து இரண்டு நொடி ஆகவில்லை, கத்திக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

ஃபோமில் கொழுப்பு வழியாது. நாலாயிரம் வெட்டில் நாங்கள் ஒருமுறைகூடப் பிளேடைத் துடைக்கவில்லை. அது எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவே இல்லை.

அக்கா கிழிந்த துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

“நீ ஒண்ணும் பாக்கல.”

“அக்கா!”

“நான் ஜாக்கிரதையா இருந்துக்குவேன். இனிமே துடைக்கும்போது பிடிக்க மாட்டேன். முடிஞ்சுபோச்சு.”

“மத்தவங்க?”

“மத்தவங்க கிட்ட நான் சொல்லிக்கிறேன். இங்க பாரு, எனக்கு இந்தக் கத்தி வேணும். மறுபடி அந்தக் கழுவுற ரூமுக்குள்ள என்னால போக முடியாதுடி. காலெல்லாம் ஊறிப்போய், சாயங்காலம் செருப்பு மாட்ட முடியாது. உனக்குத் தெரியாதா?”

தெரியும். அந்த ஆறு வருடமும் அவள் காலுக்கு எண்ணெய் தடவியது யார்?

மேடம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். “எப்படிம்மா இருந்துச்சு?”

“வழுக்கிக்கிட்டு போகுது மேடம். கை நோகவே இல்ல,” என்றாள் அக்கா. பொய்யும் இல்லை.

மேடம் பேனாவைத் திறந்தார். வரைபடத்தின் கீழ் மூலையில் அந்தச் சின்னக் கட்டம். நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

“மேடம், துடைக்கும்போது ஓடிருச்சு. துணி கிழிஞ்சிருச்சு. அவ பையில இருக்கு.”

மேடம் பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசையிலிருந்த ஃபோம் துகளைக் கையால் ஒதுக்கினார்.

“கோபப்படக்கூட தெம்பில்லம்மா,” என்றார். “துணியக் காட்டுங்க.”

அக்கா எடுத்து மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்து, “நீ என் தங்கச்சிதானா, இல்ல மேனேஜருக்குத் தங்கச்சியா?” என்றாள்.

மேடம் பிளக்கைப் பிடுங்கினார். ஓடாத கத்தியை அக்கா கையில் கொடுத்து, வழக்கம்போல வெட்டுவதாக நடிக்கச் சொன்னார். நான் மறுபடி வீடியோ எடுத்தேன். பிறகு காட்சி காட்சியாக நிறுத்தி எண்ணினோம். துண்டைத் தள்ளிவிட்டுத் திரும்பப் பிடிக்க 0.6 நொடி. தளர்த்தி, துணி எடுத்து, துடைக்க இறுக்க, மிகச் சீக்கிரம் என்றால் 0.9 நொடி. அப்படியென்றால் ஞாபகத்தை 0.7 ஆக்கிவிட்டால் போதுமே! நான் துள்ளிவிட்டேன்.

“ரொம்பத் துள்ளாத,” என்றாள் அக்கா. “இன்னிக்கு லீவு. கை புதுசா இருக்கு. நாளைக்கு நான் ட்யூட்டி முடிச்சு வந்ததும் அள.”

மேடம் தலையாட்டினார். “திங்கட்கிழமை பத்து மணி. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. முடியலைன்னா பழைய கைப்பிடியே போகும்.”

நேற்று, வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மாதிரிக் கத்தியை, பிளேடு கழற்றி அட்டை செருகியதை, கொடுத்தேன். துண்டுக்குப் பதிலாக ரொட்டி. விரல் மடங்க மறுத்தது. தள்ளி, திரும்பப் பிடிக்க 0.9 நொடி. இரண்டாம் முறை 0.9. மூன்றாம் முறை 1.0.

இடைவெளி போயே போய்விட்டது. 0.7 வைத்தால், கை ஓய்ந்த நேரத்தில், எந்த நேரத்துக்காக இதைச் செய்தேனோ அந்த நேரத்தில், பொத்தான் பொத்தான் என்று தட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நொடி வைத்தால், கை புதிதாக இருக்கும் நேரத்தில் துணி கிழியும். துணி மட்டுமா?

“சொன்னேன்ல,” என்றாள். வெந்நீர்க் கிண்ணத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தலையைச் சாய்த்தாள்.

நான் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கண் மங்கியது. நேரத்தை விடு, நேரத்தைத் தவிர, தள்ளுவதற்கும் துடைப்பதற்கும் என்ன வித்தியாசம்? அப்போதுதான் பார்த்தேன். வெட்டும்போதும் தள்ளும்போதும் கத்தியின் முனை படுத்தோ, கீழ்நோக்கியோ இருக்கிறது. துடைக்கும்போது? கூரையைப் பார்க்கிறது! எல்லா வீடியோவிலும் சேர்த்துப் பதினொரு முறை துடைத்திருக்கிறாள், பதினொரு முறையும் முனை மேலே. அப்படியானால் நொடியை நம்பவே வேண்டாம். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கவிழ்ந்தால் தானாக அணைந்துவிடும் இல்லையா? உள்ளே ஒரு சின்ன உலோகக் குண்டு உருண்டு தொடர்பை விட்டு விலகிவிடும். அதே குண்டு கைப்பிடிக்குள்! முனை மேலே போன கணமே ஞாபகம் அழிந்துவிடும். இரண்டு நொடி இருந்தாலும் கவலையில்லை.

“அக்கா, நீ எப்பவும் முனையை மேல தூக்கித்தான் துடைப்பியா?”

“ம்.”

“எல்லாரும் அப்படித்தானா?”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நான் என் தட்டைப் பாப்பேனா, அவங்க கத்தியைப் பாப்பேனா? போய்ப் படுடி.”

வீடியோவையும் குண்டு யோசனையையும் மேடத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரே வரியில் பதில்: ‘நல்லா இருக்கும்மா. ஆனா பதினொண்ணும் ஒரே ஆளோட கை.’

நியாயம்தானே. ஃபோமை நம்பி ஒருமுறை ஏமாந்தாயிற்று, இப்போது அக்காவை மட்டும் நம்பி இன்னொருமுறையா? இன்று சனிக்கிழமை. அக்கா ட்யூட்டிக்குப் போய்விட்டாள்; போகும்போது வாசலில் நின்று, “அந்தக் குண்டை சீக்கிரம் உருட்டு” என்று மட்டும் சொன்னாள். அதற்கே எனக்குப் பாதி உயிர் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் எனக்கு நிறையக் கைகள் வேண்டும். ஆகவே கொஞ்சம் யோசித்து, முடிந்தால் எழுந்து போய் ஒருமுறை செய்து பார்த்துச் சொல்லுங்களேன்: நீங்கள் கத்தியைத் துடைக்கும்போது முனை எந்தப் பக்கம் பார்க்கிறது, மேலேயா, கீழேயா?