மாயக்காள் கொடுத்த பாட்டில்

அலர்மேல்மங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் காபிகூட இறங்காது. திருப்பரங்குன்றத்துச் சின்ன லேபில் பதினோரு வருடமாக ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறவள். கீழக்குயில்குடி ஒச்சம்மாளின் ரத்தத்தைச் சுழலவிட்டு எடுத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் கலந்ததுபோல் வெளுத்து நின்றது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம். எட்டு மாதக் கர்ப்பத்தில் கொழுப்பு கூடத்தான் செய்யும், அதற்காக இப்படியா? டாக்டர் சீட்டில் பிரஷர் நூற்றறுபது என்று வேறு இருந்தது. இவ்வளவுக்குச் சிறுநீரில் புரதமும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பாட்டிலில் வந்த சிறுநீரைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினால் துளி கலங்கவில்லை. புரதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒச்சம்மாள் மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவாள். அலர்மேலுக்கு எழுதக் கை வரவில்லை. வெளியே வந்தாள்.

பெஞ்சில் ஒச்சம்மாள் முகம் உப்பி, நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவனின் தங்கை மாயக்காள் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பாட்டில்ல பிடிச்சது யாரு?"

மாயக்காள்தான் வாயைத் திறந்தாள்.

"நாந்தேன்க்கா. மதினிக்குக் குத்தவச்சா எந்திரிக்க முடியல. ஒரே பானைச் சோறுதான ரெண்டு பேரும் திங்கிறோம், யாருதா இருந்தா என்ன?"

அலர்மேலுக்குச் சிரிப்பும் வந்தது, பளாரென்று ஒன்று வைக்கவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒச்சம்மாளைத் தானே கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். இந்த முறை காய்ச்சியதும் குழாயின் மேல்பாதி திரிந்த பாலாகக் கட்டிக்கொண்டது. அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கரையவில்லை; புரதமேதான். பக்கத்து அறை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினாள்.

"இப்பவே பெரியாஸ்பத்திரில சேக்கணும். வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

"நாளைக்கு வளகாப்புக்கா. ஊரையே கூப்பிட்டிருக்கோம்," என்று இழுத்தாள் மாயக்காள்.

"வாரவங்களுக்குச் சோத்தப் போட்டு அனுப்புங்க. ஏறும்மா."

மாயக்காள் கடலையை உதறிவிட்டு முதல் ஆளாக ஏறினாள்.

நாலாம் நாள் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

ஒன்றரை மாதம் கழித்து இருவரும் லேபுக்கு வந்தார்கள். வீக்கம் வற்றிய ஒச்சம்மாளை அலர்மேலுக்கு அடையாளமே தெரியவில்லை. அம்புட்டு லட்சணமாக இருந்தாள்.

"பொம்பளப் பிள்ளக்கா. தூக்குங்க," என்று கொடுத்தாள்.

கை மாறியதும் பிள்ளை வீறிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்தார். அலர்மேல் அமர்த்தவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு விம்ம, அந்தக் குரல் ஊருக்கே கேட்கட்டும் என்று வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரோட்டில் பெரியார் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தபடி வந்தது. பிள்ளை அதற்கும் மேலே கத்தியது.