செப்புத் தகட்டில் விரல்

"சித்தப்பா, நீங்க உள்ள வராதீங்க. நானே எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டாள் மகள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். "அண்ணன் கடைசியா வாசிச்சதை எல்லாரும் கேக்கட்டும், அந்த டேப்பை எடுத்துட்டு வா" என்றார் சித்தப்பா. இருபது வருடமாக அண்ணன் வாசிக்க ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுகிற ஆள் அவர். சாவு வந்ததும் ரசனையும் வந்துவிட்டது போல.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வந்தால் பழைய விண்வெளிக் கதைப் புத்தகங்கள், இல்லாவிட்டால் இந்தப் பின்னறை. உடைந்த ரேடியோக்களையும் கழித்துப்போட்ட லிஃப்ட் பொத்தான்களையும் வைத்துத் தானே சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதற்குக் கட்டைகள் கிடையாது. மேசையில் இரண்டு செப்புத் தகடுகள், அவ்வளவுதான். இரண்டிலும் படும்படி விரலை வைத்தால் தோல் வழியாகத் துளி மின்சாரம் ஓடும், ஒலிபெருக்கி ஓலமிடும். அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பூமியை விட்டுப் போய்த் திரும்பாத கப்பல், ஆளில்லாத கிரகத்தில் மழை, இப்படித்தான் பாட்டுக்குத் தலைப்பு வைப்பார். "செவ்வாய் கிரகத்துல கூட இந்தச் சத்தத்துக்கு வாடகைக்கு வீடு குடுக்க மாட்டாங்க" என்பாள் அம்மா.

இன்று காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு மகள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு ஸ்வரம் நீண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கண்ணுக்கு மறைகிறது என்று நினைத்தாள். முதன்முறையாக அவளுக்கு அது பிடித்திருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, சூப்பரா இருக்கு! நிறுத்தாதீங்க!" என்று கத்திவிட்டுத் தடதடவென்று படியிறங்கி ஓடினாள்.

பதினொன்றரைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிடப் போயிருக்கிறாள். அப்பா மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார், விரல்கள் தகட்டின்மேல். சத்தம் அப்போதும் வந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து கையை எடுத்த பிறகுதான் நின்றது. மாரடைப்பு, போனது ஒன்பதே காலிலிருந்து பத்துக்குள் இருக்கலாம் என்றார்.

அவள் கத்தியதற்கு முன்பா, பின்பா? செத்துப்போன விரலைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. உயிர் இருந்திருந்தால்? அந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால்? விடை டேப்பில் இருந்தது. ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை வைத்துப் பதிவு செய்வது அப்பாவின் வழக்கம், அதில் அவள் குரலும் விழுந்திருக்கும். உயிருள்ள விரல் ஒரே மாதிரி அழுத்தாது, கொஞ்சமாவது ஆடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

டேப்பைப் பின்னால் ஓட்டி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நாற்காலி கிறீச்சிட்டது, ஏதோ சரிந்தது. பிறகு அந்த ஒற்றை ஸ்வரம் ஆடாமல் அசையாமல் இறங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இப்படியே இருக்கட்டும், இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்பா அப்போதே செத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அவள் குரல் வந்தது, தூரத்தில், குஷியாக.

ஸ்வரம் விருட்டென்று மேலேறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, இன்னும் உயரமாக, நடுங்கி நடுங்கி. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் தேயும்வரை ஏறி ஏறி இறங்கியது. அதற்கப்புறம் ஏறவில்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா. தாழ்ப்பாளை நீக்கி உள்ளே விட்டாள். காலையிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"நீ கிளம்பும்போது சூப்பரா இருக்குன்னு சொன்னியே, அது அவருக்குக் கேட்டிருக்குமாடி?"

மகள் டேப்பை நிறுத்தினாள்.

"இந்த வீட்ல அவர் வாசிச்சதை ஒருத்தர்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நானும்தான் சொல்லல. அது காதுல விழாமலே போயிட்டாரோன்னு எனக்கு பயமா இருக்கு."

"கேட்டுச்சும்மா."

"நிஜமாவா?"

"நிஜமா. நான் சொன்னதும் சுருதி ஏத்தி வாசிச்சாரு."

அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகள் மறுபடி தாழிட்டாள்.

"பொண்ணு சொன்னது அவருக்குக் கேட்டுதாம். அதுக்கப்புறம்தான் போனாராம்" என்று அம்மா சொல்வது கேட்டது.

"அப்ப அந்த இடத்தையே போடலாம் அண்ணி" என்றார் சித்தப்பா. அவர் காலடி அறையை நோக்கி வந்தது.

மகள் மைக்கின் வயரைப் பிடுங்கினாள். டேப்பை ஆரம்பத்துக்கு ஓட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன, பழைய சத்தத்தை அழித்துக்கொண்டே.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றார் சித்தப்பா வெளியிலிருந்து.

"தேடுறேன் சித்தப்பா" என்றாள், தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தபடி.