ராடு மாற்றிய இடம்

வெல்டிங் மாலை வகுப்பில் அவளுக்கு டாக்டரம்மா என்று பேர். வைத்தவன் புகை. பக்கத்துத் தடுப்பறையில் பழகுகிறவன். எந்நேரமும் அவன் தலைக்கு மேல் ஒரு மேகம் நிற்கும், அதனால் அவன் புகை. அவள் கையுறையை உதறி, சுத்தியையும் கம்பி பிரஷையும் உயர வரிசையில் அடுக்கி, முகமூடிக் கண்ணாடியை மூன்றாம் தடவையாகத் துடைக்கும்போது அவன் எட்டிப் பார்ப்பான்.

"என்ன டாக்டரம்மா, ஆபரேஷன் இன்னிக்கா நாளைக்கா?"

"தகட்டுல துரு இருக்கு. தேய்ச்சிட்டு ஆரம்பிக்கிறேன்."

"நேத்தும் இதே தகடுதானே? இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சா அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரிவாரு."

அவள் சிரித்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

மேசைமேல் வைத்து ஒட்டச் சொன்னால் அந்த வகுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலைக்கு மேல் தகட்டை மாட்டி அண்ணாந்து ஒட்டும் வேலைதான் வினை. போன பரீட்சையில் அப்படி ஒட்டிய துண்டு, வளைத்துப் பார்க்கும் இயந்திரத்தில் டப்பென்று இரண்டாகிவிட்டது. மாஸ்டர் இரண்டு பாதியையும் அவள் கையில் கொடுத்தார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. துண்டுத் துணியில் சுற்றிப் பையின் அடியில் போட்டாள். கை நடுங்குகிறது, இது நமக்கு வராது என்று அங்கேயே முடிவு கட்டியாயிற்று.

அன்றிலிருந்து வகுப்புக்கு முதல் ஆளாக வந்தாள். கடைசி ஆளாகப் போனாள். அண்ணாந்து ஒட்டுவதை மட்டும் நாளைக்கு என்று வைத்தாள். தள்ளிப்போடுகிறோம் என்று அவளுக்கே சந்தேகம் வராத அளவுக்கு மற்ற வேலைகள் இருந்தன. உருகி ஒட்டும் குச்சிகளான ராடுகளை உலர்த்த வேண்டும், தகட்டின் ஓரத்தைச் சீவ வேண்டும், கேபிளைச் சிக்கில்லாமல் சுருட்ட வேண்டும்.

மறுபரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த பாய்லர் பட்டறை முதலாளி போன் செய்தார்.

"பாருங்கம்மா, இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டீங்கன்னா உடனே வந்து சேந்துக்கலாம். இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவேன். இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

பகலெல்லாம் நகல் கடையில் நின்று அடுத்தவர் காகிதங்களைப் புரட்டும் பிழைப்பிலிருந்து வெளியேற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பட்டறை. போனை வைத்தாள். எழுந்து போய் கையுறையைத் துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேசையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், இந்தக் காலுக்கு முட்டுக் குடுக்க உன் பையில ஏதாவது இரும்பு கிடக்குமே?"

அவள் பதில் சொல்வதற்குள் அக்காவின் கை பையின் அடிவரை போய்விட்டது. துணி அவிழ்ந்தது.

"அத வை அக்கா!"

"ஏன்டி கத்துற, உள்ள பாம்பா இருக்கு?" அக்கா ஒரு பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "நல்லா வெள்ளி மாதிரிதானே இருக்கு? நடுவுல மட்டும் என்ன கரி, சொத்தைப் பல்லு மாதிரி?"

அவள் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய கையோடு பார்க்கவும் செய்தாள்.

துண்டின் உடைந்த முகம் மணிமணியாகச் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. நடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. அது ராடு மாற்றிய இடம். ஒரு ராடு தீர்ந்ததும், ஒட்டிய இடத்தின் மேல் கசடு கண்ணாடிபோல உறைந்துவிடும். அதைத் தட்டி எடுத்த பிறகுதான் அடுத்த ராடைத் தொட வேண்டும். அன்று பயத்தில், முடிந்தால் போதும் என்று, தட்டாமல் அதன் மேலேயே அடுத்த ராடை ஓட்டியிருக்கிறாள். கை நடுங்கியிருந்தால் முகம் முழுக்க அல்லவா அலங்கோலமாக இருந்திருக்கும்?

"இத்தனை மாசமா இது என் பையிலேயே இருந்திருக்கு அக்கா."

"ஆமா. நீயும் பைய மட்டும் வாராவாரம் துவைச்சே. சரி, மேசைக்கு என்னத்த வைக்க?"

மறுநாளிலிருந்து அவள் அண்ணாந்து நின்றாள். பாதித் தகட்டில் வேண்டுமென்றே நிறுத்துவாள், கசடைத் தட்டுவாள், பிரஷ் போடுவாள், மறுபடி தொடங்குவாள். அது ஒன்றுதான் பயிற்சி. கழுத்தில் பொறி விழுந்து இரண்டு இடத்தில் பொத்துப்போயிற்று.

"ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு போலிருக்கே! நோயாளி பிழைப்பாரா?"

"முதல்ல உன் சட்டையப் பாரு, கை ஓரம் புகையுது."

ஓரம்வரை ஒரு தகட்டை முழுசாக ஓட்டிப் பார்க்க வாரம் போதவில்லை.

பரீட்சை அன்று தகட்டின் நடுவில் ராடு தீர்ந்தது. சரியாக அப்போது பரீட்சை அதிகாரி, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். பக்கத்தில் புகை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்படியே ஓட்டு, ஓட்டு என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் சுத்தியை எடுத்தாள். கறுப்புச் சில் ஒன்று தெறித்தது. மூலையில் இன்னும் ஒரு புள்ளி. அதையும் தட்டினாள். பிரஷ் போட்டாள். பிறகுதான் புது ராடு. ஓரத்தை எட்டும்போது "நிறுத்துங்க" என்ற குரல் வந்தது. கையை வெடுக்கென்று இழுத்தாள்.

அவள் தகட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டினார்கள். முதல் துண்டு நடுவிலிருந்து. மாஸ்டர் கைப்பிடியை அழுத்த அழுத்த அது முனகிக்கொண்டே வளைந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் லாடம்போல் வளைந்து வெளியே வந்தது. புகை விசிலடித்தான்.

இரண்டாவது, ஓரத் துண்டு. பாதி வளைவில் டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஓரத்தில் ஒரு வாய் திறந்தது. அதிகாரி அளவுகோலை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"விரிசல் அதிகம்மா. பெயில்."

பாய்லர் பட்டறை போயிற்று. கண்ணில் நீர் திரண்டு இயந்திரமே மங்கலாகிவிட்டது. துண்டை வாங்கியதும் கை தானாகப் பைக்குள் துணியைத் தேடியது. துணி அகப்பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

"மாஸ்டர், இத முழுசா உடைச்சுக் குடுங்க."

"எதுக்கும்மா? அதான் முடிஞ்சு போச்சே."

"உள்ள பாக்கணும்."

டப். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவள் விளக்கடியில் போய் நின்று பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புகை பின்னாலேயே வந்து எட்டினான்.

"என்ன வியாதி டாக்டரம்மா?"

"ஓரத்துல பள்ளம். முடிக்கிறப்போ நின்னு நிரப்பாம கையை இழுத்துட்டேன். மத்ததெல்லாம் சுத்தம், பாரு."

அவன் பார்த்தான். பாதியை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

வெளியே போய்ப் பட்டறைக்கு போன் செய்தாள். "பெயில் ஆயிட்டேன் சார்" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "சரிம்மா, பாப்போம்" என்று வைத்துவிட்டார். பார்க்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

உள்ளே எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், மூடுறதுக்குள்ள ஒரு தகடு ஓட்டிக்கட்டுமா? ஓரம் மட்டும்."

"இன்னிக்கேவா?" என்றார் மாஸ்டர். அவள் ஏற்கெனவே தகட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். துரு இருந்தது. முகமூடிக் கண்ணாடியில் பெருவிரல் ரேகை ஒன்று அப்பியிருந்தது. துடைக்கக் கை போயிற்று. துடைக்காமலே முகமூடியை இறக்கினாள்.