கோல் கீப்பருக்கு ஒரு பேச்சுக்கால்

சச்சிதானந்தனுக்கு அலுத்துப்போயிருந்தது. எது அலுத்தது என்று கேட்டால் அவருக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. விடிந்தால் ரயில், பகல் முழுக்க மெல்பேர்ண் நகரத்துக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்கு, பொழுதுபட்டால் திரும்பவும் ரயில். கிளேட்டன் ஸ்டேசனில் இறங்கினால் காது விறைக்கிற குளிர். இவ்வளவும் போதாதென்று வாரத்தில் இரண்டு நாள் உதைபந்தாட்டக் கழகம் வேறு. பிறந்த நாள்தொட்டு ஒரு பந்தையும் உதைத்தறியாத மனிதர் கழகத்துக்குச் செயலாளர்! கேட்கிறவன் சிரிக்க மாட்டானா?

சிரிக்கத்தான் செய்தார்கள். கழகம் கிரேக்கர்களுடையது. தலைவர் ஸ்டாவ்ரோஸ் ஸ்டேசனடியில் மீன் பொரித்து விற்கிற கடை வைத்திருந்தார். அங்கே மீன் வாங்கப் போன சச்சி, சுவரில் ஒட்டியிருந்த கழக அறிவித்தலில் இங்கிலீசு பிழை என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மீன் இலவசம், செயலாளர் பதவியும் இலவசம். அன்றிலிருந்து கழகத்தின் கடிதமெல்லாம் அவருடைய கையெழுத்து, கழகத்தின் தொலைபேசி அவருடைய வீட்டுத் தொலைபேசி.

"வாய் கொழுப்பு சீலையாலை வடியுது எண்டு எங்கடை அம்மா சொல்லுவா. உங்களுக்கு அது கழகமாய் வடிஞ்சிருக்கு" என்றாள் மனைவி விமலாதேவி. அவளும் பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வருகிறவள்தான். ஆனால் பகிடி விடுவதற்கு மட்டும் அவளுக்குக் களைப்பு வருவதில்லை.

அந்தக் கழகத்தில் சச்சிக்குப் பிடித்த ஒரே சீவன் டெனிஸ். அமெரிக்கன், சென் லூயிஸ் ஊர்க்காரன், ஆறடிக்கு மேல் உயரம், கோல் கீப்பர். ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஆஸ்திரேலியா வந்தான். பெண் போய்விட்டாள், இவன் நின்றுவிட்டான். பகலில் மரக்காலையில் பலகை தூக்குவான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சச்சி வீட்டுக் குசினிக்குள் வந்து கதிரையைப் பின்னுக்குச் சாய்த்து இருந்துகொண்டு விமலாவின் மீன்குழம்பை மூக்கால் தண்ணீர் ஓடஓடச் சாப்பிடுவான். ஊரில் அவனுடைய தகப்பன், "எப்ப ஒரு உண்மையான வேலைக்குப் போகப்போறாய்?" என்று ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் கேட்பாராம். அங்கே உதைபந்து விளையாடுகிறேன் என்றால் சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைப்பார்களாம்.

எழுபத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் ஸ்பெயினிலிருந்து ஒரு கழகம் சுற்றுப்பயணம் வந்தது. பெரிய பேர் பெற்ற கழகமில்லை. வடக்குக் கரையில் ஒரு மீன்பிடிப் பட்டினத்துக் கழகம். மெல்பேர்ணில் அவர்களுக்கு எதிராக விளையாட உள்ளூரில் அங்கொன்று இங்கொன்றாக ஆட்களைப் பொறுக்கி ஓர் அணி போட்டார்கள். அதில் டெனிஸ் இரண்டாவது பாதிக்கு இறங்கினான். என்னத்தைச் சொல்ல! அன்றைக்கு அவனுக்குப் பேய் பிடித்திருந்தது. அடித்த பந்தெல்லாம் அவன் கையில். ஸ்பானியர்கள் கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த நாள் மாலை சச்சி வீட்டில் தொலைபேசி அடித்தது. ஒர்த்தேகா என்று ஒருவர், ஸ்பானியக் கழகத்தின் காரியதரிசி. இங்கிலீசு தட்டித்தடவித்தான் வந்தது. விசயம் தெளிவாக வந்தது. அவர்களுடைய கோல் கீப்பருக்குக் கை முறிந்துவிட்டது. வெளிநாட்டான் ஒருவனுக்கு இடம் இருக்கிறது. அமெரிக்கனைத் தருவீர்களா? இந்தக் கிழமை முழுக்கச் சிட்னியில் நிற்கிறோம். ஓமென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போகிறோம்.

சச்சி மீன்கடைக்கு ஓடினார். ஸ்டாவ்ரோஸ் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிராமலே சொன்னார்: "போகட்டும். நான் மறிக்க மாட்டன். நீயே பேசி முடி."

டெனிசுக்குச் சொன்னபோது அவன் குசினிக் கதிரையிலிருந்து எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பேசியதெல்லாம் இங்கிலீசில்; நாம் நம்முடைய பாசையில் சொல்லுவோம். "சச்சி, எனக்கு இருபத்தொன்பது வயசு. இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம். கோல் கீப்பர் எண்டு சொன்னால் தெருவிலை போற பெடியனுக்கும் விளங்குற ஊரிலை ஒரு வருசம். அது காணும் எனக்கு. இண்டைக்கே ரயில் ஏறிச் சிட்னிக்குப் போகட்டோ?"

"பொறு, பொறு" என்றார் சச்சி. "நீ போகக் கூடாது."

இந்த இடத்தில் சச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகப்பன் கண்மூடியபோது அவருக்கு இருபது வயது. கீழே நாலு தங்கச்சிமார். நாலு பேரையும் கரைசேர்த்தது அவர்தான். பத்துப் பன்னிரண்டு வருசம் கலியாணப் பேச்சுக்காலிலேயே போயிற்று. எத்தனை தரகர், எத்தனை சாதகம், எத்தனை வீட்டு விறாந்தையில் கால்மாறிக் கால்மாறிக் காத்திருப்பு! அந்தக் களைப்பு இன்னும் அவருடைய எலும்புக்குள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருசத்தில் அவர் படித்த பாடம் ஒன்றுதான். மாப்பிள்ளைப் பகுதி கேட்ட உடனே பொம்பிளைப் பகுதி ஓமென்று சொல்லக் கூடாது. "பெரியவையளோடை கதைச்சிட்டுச் சொல்லுறம்" என்று முதல் தரம். "கொஞ்சம் பொறுங்கோ" என்று இரண்டாம் தரம். மூன்றாம் தரமும் மாப்பிள்ளைப் பகுதி படியேறி வந்தால்தான் பிள்ளைக்கு மரியாதை. அவசரப்பட்டால் தலையில் கட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். போன இடத்தில் பிள்ளையை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். நாலு முறையும் அது பிசகவில்லை.

டெனிசை அவர் மரியாதையாக அனுப்பத்தான் நினைத்தார். சத்தியமாக வேறொரு எண்ணமும் இல்லை.

"நாங்கள் தேடிப் போகக் கூடாது. அவையள்தான் வரவேணும். நீ வழமை போலை வேலைக்குப் போ. எல்லாத்தையும் நான் பாத்துக்கொள்ளுறன்."

டெனிஸ் விமலாவைப் பார்த்தான். பிறகு சச்சியைப் பார்த்தான். "உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சச்சி, அவர்கள் தங்கியிருந்த சிட்னி ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்து, "எங்கடை ஆக்களோடை கதைச்சிட்டுச் சொல்லுறம்" என்றார். இரண்டு நாள் கழித்து ஒர்த்தேகாவே எடுத்தார். குரலில் அவசரம் இருந்தது. சச்சிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மாப்பிள்ளைப் பகுதி இறங்கி வருகிறது!

"கொஞ்சம் பொறுங்கோ. தலைவர் யோசிக்கிறார்" என்றார். ஸ்டாவ்ரோஸ் யோசித்தது உருளைக்கிழங்கு விலையைப் பற்றித்தான்.

"ஆளிலை ஏதும் பிரச்சினையோ?" என்று ஒர்த்தேகா கேட்டார்.

"சீச்சீ! ஒரு குறையும் இல்லை. தங்கமான பிள்ளை."

"அப்ப தருவீங்களோ?"

ஓம் என்கிற சொல் சச்சியின் தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கம் அதைப் பிடித்து உள்ளே தள்ளியது. "ஞாயிறு கழிய ஒரு முடிவு சொல்லுறம்" என்றார்.

வைத்துவிட்டுத் திரும்பினால் விமலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அந்த மனிசன் என்ன பொம்பிளை பாக்கவே வந்தவர்? பந்து பிடிக்க ஆள் கேக்கிறார். ஓமெண்டு சொல்லிவிடுறதுக்கென்ன?"

"உனக்கு ஒண்டும் விளங்காது. இன்னொருக்கால் கேக்கட்டும்."

"கேக்காட்டில்?"

"கேப்பினம். கேக்காமல் எங்கை போறது?"

வெள்ளி போயிற்று, தொலைபேசி அடிக்கவில்லை. சனியும் போயிற்று. டெனிஸ் இரண்டு நாளும் வேலை விட்டு மரத்தூளோடு நேரே இங்கே வந்து, கதிரையைத் தொலைபேசிப் பக்கம் திருப்பிப்போட்டு இருந்தான். விமலா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நாங்களாக எடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று சச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு ஆட்டத்தில் டெனிஸ் சுகமாகப் பிடிக்கிற பந்து இரண்டைக் கோட்டைவிட்டான். அன்று பின்னேரம் சச்சிக்கு மனம் கேட்கவில்லை. சிட்னி ஹோட்டலுக்கு எடுத்தார். ஸ்பெயின்காரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னாள். இல்லை, ஒருவருக்கும் ஒரு செய்தியும் வைத்துவிட்டுப் போகவில்லை.

அதைக் கேட்டு டெனிஸ் கத்தவுமில்லை, கதவை அடிக்கவுமில்லை. "ஸ்பெயினுக்கு எடு" என்றான். "அவங்கள் ஊர் போய்ச் சேரட்டும். பிறகு எடு. நான் ஆயத்தம் எண்டு சொல்லு. கெஞ்சிக் கேள்."

கெஞ்சுவது! நாலு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தவர், ஒரு வாசலிலும் அந்தச் சொல்லை விடாதவர். "கேக்கிறன்" என்றார்.

புதன்கிழமை மாலை ஸ்பெயினுக்கு வெளிநாட்டு அழைப்பு ஒன்றைப் பதிவு செய்தார்கள். இங்கே குசினி விளக்குப் போடுகிற நேரம், அங்கே காலை. சச்சி அலுவலக உடுப்பு மாற்றாமல் தொலைபேசியடியில் நின்றார். டெனிஸ் பக்கத்தில் நின்றான். தொலைபேசிப் பரிமாற்றக்காரி இணைப்புக் கொடுத்தபோது தொலைதூரத்தில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் ஒர்த்தேகாவின் குரல்.

"ஐயா, நான் மெல்பேர்ணிலையிருந்து சச்சிதானந்தன். ஓம், தாறம். எங்களுக்கு முழுச் சம்மதம். இண்டைக்கே அனுப்புறம்."



"சிட்னியிலை ஒரு யூகோஸ்லாவியனைப் பிடிச்சிட்டம்" என்றார் ஒர்த்தேகா. "கேட்ட உடனை ஓமெண்டவன். எங்களோடையே வந்திட்டான். இருந்தது ஒரு இடம்தான்."

"ஐயா, தயவுசெய்து. எப்பிடியும் ஒரு வழி பாருங்கோ. உங்கடை காலிலை விழுந்து கேக்கிறன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அவன் நல்ல பிள்ளை. அவனுக்கு இதை விட்டால் வேறை ஒண்டும் இல்லை." சச்சியின் குரல் உடைந்தது. விமலா பானையைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லவன் எண்டு எனக்குத் தெரியும். எங்களுக்கு அவன்தான் வேண்டியிருந்தது" என்றார் ஒர்த்தேகா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்கள் இழுத்த இழுவையிலை, ஆளுக்கு ஏதோ மறைவான காயம் இருக்கு, அதைத்தான் ஒளிக்கிறியள் எண்டு எங்கடை டொக்டர் சொல்லிப்போட்டார். நானும் அப்பிடித்தான் நினைச்சன். குறையில்லாத ஆளை ஆராவது ஒளிச்சு வைப்பினமோ?"

இணைப்பு அறுந்தது. பரிமாற்றக்காரி வந்து முடிந்ததா என்று கேட்டாள்.

"என்ன சொன்னவர்?" என்று டெனிஸ் கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஸ்டாவ்ரோஸ் மேல் போட்டிருக்கலாம், ஸ்பெயின்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு ஏச்சு ஏசியிருக்கலாம். சச்சிக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. ஒன்றும் விடாமல் சொன்னார். முதல் நாளே ஓமென்றிருந்தால் எடுத்திருப்பார்கள் என்பதைச் சொன்னார். தான் ஏன் சொல்லவில்லை என்பதையும், எங்கள் ஊரில் பொம்பிளைப் பகுதி எப்படி நடக்கும் என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல, அது அவருடைய காதுக்கே பைத்தியக்காரக் கதை மாதிரிக் கேட்டது.

டெனிஸ் தலையை ஆட்டியாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு நல்லது நினைச்சுத்தான் செய்திருக்கிறாய். அது எனக்கு விளங்குது" என்றான். பிறகு, நிலத்தைப் பார்த்தபடி, "காத்திருக்க உனக்கு ஏலுமோ எண்டு என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம், சச்சி. நான் சொல்லியிருப்பன்."

தொலைபேசிக் கைபிடியைச் சச்சி இன்னும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். டெனிஸ் தன் பெரிய கையை நீட்டி, மெதுவாக அதை அவரிடமிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்தான்.