தப்பில்லாத பத்து வாக்கியங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு ரப்பரிலிருந்து பிறந்தது. எழுத உட்கார்ந்தபோது தொடக்கம் இப்படி வந்தது:

‘1988. தோ பாயோவிலிருந்து ஜூரோங் கப்பல் பட்டறைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் காலைச் சூரியன்...’

(சூரியன் வேண்டாம். அந்த ஜன்னலின் அழுக்கில் எதுவும் தெரியாது.)

மறுபடி: ‘எட்மண்ட் என்ற டிராஃப்ட்ஸ்மேன், ஸ்டோர் கிளார்க் உர்சுலாவுக்குக் கிளிங்கான் இலக்கணம் திருத்திக் கொடுத்தான்.’

உண்மை இதுதான், ஆனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கிளிங்கான், விண்வெளிக் கதையில் வரும் சண்டைக்காரர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி. அதற்கு அகராதிகூட உண்டு. எனக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நம்பும்படி இருக்கட்டுமே என்று பிரெஞ்சு என மாற்றிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.

எட்மண்ட் நான்தான். அதை ஒளித்துவைத்துக் கடைசியில் உடைக்கும் பொறுமை எனக்கில்லை.

2

ஏன் கிளிங்கான்? அல்போன்சம்மாள் அக்காதான் காரணம். பட்டறை கேன்டீனில் வேலை. பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட். தமிழ், இங்கிலீஷ், மலாய், ஹொக்கியன் நான்கும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் உர்சுலா பஸ்ஸில் என்னிடம் தன் சூப்பர்வைசரைத் திட்டியது, ஞாயிறு பூசை முடிவதற்குள் அவள் அம்மா காதுக்குப் போய்விட்டது.

“அக்காவுக்குத் தெரியாத பாஷை ஒண்ணு இருந்தா சொல்லுங்க எட்மண்ட், கத்துக்கிறேன்” என்றாள்.

“இருக்கு” என்றேன்.

கிளிங்கானில் செய்தவன் கடைசியில்தான் வருவான்: ‘சோற்றைத் தின்றேன் நான்.’ உர்சுலா நம் வழக்கப்படி ‘நான்’ஐ முன்னால் கொண்டுபோய் வைப்பாள். தினம் பென்சிலால் பத்து வாக்கியம் எழுதுவாள். அஞ்சாறு தப்பாக இருக்கும். சிவப்பு மையில் சுழிப்பேன். ஐம்பது நிமிடம் போவதே தெரியாது.

ஆறு மாதமாகியும் அதே தப்பு. (இங்கே உர்சுலா என்ற பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்டோரில் ஒவ்வொரு போல்ட்டின் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்கிறவள் இதில் மட்டும் எப்படி மக்கு?)

3

எம்ஆர்டி ரயில் வந்துவிட்டதால் வெள்ளிக்கிழமையோடு கம்பெனி பஸ் நிறுத்தம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடம் இல்லாவிட்டால் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு சாக்கு கிடையாது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எந்த மொழியிலும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை கேன்டீனில் அக்கா என்னை நிறுத்தினார்.

“நீ வாத்தியாரா, தூங்குமூஞ்சியா? அந்தப் பொண்ணு டக்குனு ஒண்ணு எழுதுது. அப்புறம் ரப்பர வச்சு அழிச்சிட்டு வேற மாதிரி எழுதுது. நீ கரெக்டா அதையே சுழிக்கிற. பின்னாடி உக்காந்து டெய்லி பாக்குறேன் லா!”

“உங்களுக்குக் கிளிங்கான் தெரியுமாக்கா?”

“அது எதுக்கு? ரப்பர் தெரியாதா எனக்கு?”*

* இதை மட்டும் அக்கா யார் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.

4

வெள்ளிக்கிழமை, கடைசிப் பயணம். உர்சுலா நோட்டை நீட்டினாள். பத்து வாக்கியங்கள். அழித்த தடமே இல்லை. பத்தும் சரி.

“தப்பு இருக்கா?” என்றாள், அழுக்கு ஜன்னலைப் பார்த்தபடி.

முடிவு ஒன்று: பத்துக்குப் பத்து போடுகிறேன். “இனிமே நான் தேவையில்ல” என்கிறேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு...

(முடியவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஏழாவது வாக்கியத்தைச் சுழிக்கிறேன். “இது தப்பு. திங்கக்கிழமை பாப்போம். தோ பாயோ ஸ்டேஷன், ஆறரை மணி.” பச்சைப் பொய். அவளுக்கும் தெரியும். பின் சீட்டில் அக்கா செருமுகிறார்.

எது நடந்தது என்று எழுதமாட்டேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கைப்பிரதியை வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று வாக்கியங்களைச் சிவப்பு மையில் சுழித்து, “தப்பு. நாளைக்குப் பாப்போம்” என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்திருக்கிறார். மூன்றையும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தப்பும் இல்லை.