முகம் தகப்பனாருடையது

பிழைப்பு பேட்டரிக் கடையில்தான் என்றாலும், சபையில் அவருக்குப் பெயர் வக்கீல். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சபையார் இணையத்தில் ஏற்றுவார்கள். கீழே யாராவது ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால், வக்கீல் வந்து ஒரே போடாகப் போடுவார். அவர் கணக்கில் இருந்த படம் மறைந்த தகப்பனாருடையது. ஆயுசு முழுக்கப் போதகராக இருந்து, யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் போன மனிதர். அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

இந்த வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண், வக்கீலின் பதில் ஒன்றுக்குக் கீழே, "என் பிள்ளைக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணேன். செத்துட்டான். உங்க கடவுளுக்குக் காது இல்லையா?" என்று எழுதியிருந்தார். வக்கீல் வசனங்களை அடுக்கிவிட்டு, "குறை அவர் காதில் இல்லை, கேட்டவரின் விசுவாசத்தில்" என்று முடித்தார். 'ஆமென்' மழையாகக் கொட்டியது. மறுநாள் மீசையைத் தடவிக்கொண்டே கடையைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை, வேலைக்குப் போகிற வழியில் உள்ளே வந்தாள்.

"பேட்டரி மறுபடியும் படுத்துருச்சா?" என்றார் வக்கீல்.

"என் வண்டி நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா பதில் எழுதியிருக்காங்க, பார்த்தியா?" ஆசிட் அரித்த மேசைமேல் போனை வைத்தாள்.

'ஐயா, சண்டைக்குக் கேக்கல. படத்துல உங்க முகம் சாந்தமா இருந்துச்சு. இவர்கிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. இனிமே யாரையும் கேக்க மாட்டேன்.'

வக்கீலுக்குக் கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சத்தியத்தைத்தானே சொன்னேன்?"

"சாவு வீட்டுல அப்பா வேதத்தைத் திறக்கவே மாட்டாரு. பக்கத்துல உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான். நீ அவரு முகத்தை மாட்டிக்கிட்டு அந்தம்மாவை அடிச்சிருக்க."

"சரி விடு, அழிச்சுடறேன்."

"அழிச்சா உன் மானம் தப்பும். அவங்க படிச்சது அழியுமா?"

"அத்தனை பேரு ஆமென் போட்ட இடத்துல மன்னிப்புக் கேக்கவா? நம்ம வீட்டுப் பேரு என்னத்துக்கு ஆகும்?"

"பேரு நேத்தே போயிடுச்சுண்ணே." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காலை வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. ஒரு காருக்கு ப்ளஸ் மைனஸை மாற்றி மாட்டப்போய், வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். முதலில் கணக்கிலிருந்து தகப்பனாரின் படத்தை நீக்கினார். தன் முகத்தைப் படம் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் கடுகடுவென்றுதான் விழுந்தது. இருப்பது அதுதானே என்று அதையே போட்டார். பிறகு எழுதினார்:

"அம்மா, நீங்கள் பார்த்த முகம் என் தகப்பனாருடையது. வார்த்தை என்னுடையது. அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் பேசியதற்கு மன்னியுங்கள்."

போன் மினுங்கியது. பாய்ந்து எடுத்தார். அந்தப் பெண் இல்லை. முதல் ஆமென் போட்ட சபைத் தம்பி.

"எல்லாரும் உஷார்! நம்ம வக்கீல் அண்ணன் கணக்கை எவனோ திருடிட்டான். அண்ணன் இப்படியெல்லாம் பேச மாட்டாரு. நம்பாதீங்க."

அதற்குக் கீழேயும் ஆமென்கள் விழத் தொடங்கின.

வக்கீலுக்குக் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், போன மானம் தானாக வீடு வந்துவிடும். ஆனால் அந்தம்மாவும் இதைப் படிப்பாரே.

"யாரும் திருடல தம்பி. நான்தான்," என்று தட்டினார்.

ஷட்டரை ஏற்றினார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் இடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். சபையில் பலர் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை.